இரண்டு சர்வர் கிளஸ்டரில் கோரம் போனால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

இரண்டு சர்வர்களைப் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரு சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்களை, ஓட்டும் மென்பொருள்) கிளஸ்டராக, அதாவது ஒரே தொகுப்பாக, இணைத்து வைத்திருப்பவர்களுக்கான மடல் இது. ஒன்று படுத்தால் மற்றது தாங்கும் என்று நம்பித்தான் இரண்டு வாங்கியிருப்பீர்கள். ஆனால் ஒன்று படுத்ததுமே மற்றதிலும் எதையும் ஸ்டார்ட் செய்ய முடியாது. ‘கிளஸ்டர் நாட் ரெடி, நோ கோரம்?’ என்று திரையில் வரும்.

சங்கப் பொதுக்குழுவில் ஆள் போதாமல் கூட்டத்தைத் தள்ளிவைப்பார்களே, அதே கோரம்தான். ஒரு சர்வருக்கு ஒரு வோட்டு. மொத்த வோட்டில் பாதிக்கு மேல் வேண்டும்: 2க்கு 2, 3க்கு 2, 4க்கு 3. ஆக, இரண்டில் ஒன்றுகூட விழக் கூடாது. நடுவில் கேபிள் மட்டும் அறுந்து, இரண்டு சர்வரும் ‘நான்தான் மிச்சம்’ என்று ஒரே விர்ச்சுவல் மெஷினை ஓட்டினால் ஷேர்டு (இரண்டுக்கும் பொதுவான) ஸ்டோரேஜில் உள்ள டிஸ்க் பாழ். இந்தக் கெடுபிடி அதற்காகத்தான்.

கோரம் போனாலும் ஏற்கெனவே ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். கிளஸ்டர் செட்டிங் ஃபைல்கள் ரீட்-ஒன்லி ஆகிவிடும். எச்ஏ (ஹை அவைலபிலிட்டி: விழுந்த சர்வரின் மெஷின்களை மற்றதில் தானாக எழுப்பும் வசதி) போட்டிருந்தால் கதை வேறு. சுமார் 60 விநாடியில் வாட்ச்டாக் என்னும் கண்காணிப்பு டைமர், கோரம் இழந்த சர்வரையே ரீபூட் செய்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் ரீபூட் ஆனால் யூபிஎஸ்ஸைத் திட்டும் முன் கோரோசிங்க் (சர்வர்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றனவா என்று பார்க்கும் மென்பொருள்) லாகைப் பாருங்கள்.

முதலில் சர்வரின் டெர்மினலில், கிளஸ்டர் நிலையைக் காட்டும் ‘பிவிஇசிஎம் ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுங்கள். ‘எக்ஸ்பெக்டட் வோட்ஸ் 2, டோட்டல் வோட்ஸ் 1’ என்றும், கோரம் வரியில் ‘ஆக்டிவிட்டி பிளாக்டு’ என்றும் இருக்கும். அடுத்த கேள்வி: மற்ற சர்வர் நிஜமாகவே அணைந்துவிட்டதா, லைன் மட்டும் போயிருக்கிறதா?

பெரும்பாலும் லைன்தான். கோரோசிங்குக்கு பேண்ட்வித் அதிகம் வேண்டாம், லேட்டன்சி (பாக்கெட் போய்ச்சேரும் தாமதம்) 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பேக்கப்பும் அதே கேபிளில் ஓடினால் அந்த நேரத்தில் திணறும். லாகில் லிங்க் டவுன் ஆன நேரமும் பேக்கப் நேரமும் ஒத்துப்போனால் வேறு ஆதாரம் தேவையில்லை. கோரோசிங்குக்கெனத் தனி 1 ஜிகாபிட் போர்ட் ஒதுக்கி, பழைய லைனை இரண்டாவது லிங்காக வையுங்கள். ஃபயர்வாலில் யூடிபி 5405 முதல் 5412 வரை திறந்திருக்க வேண்டும். சர்வரில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 9000, சுவிட்சில் 1500 என்று இருந்தால் சாதாரண பிங் போகும், பெரிய பாக்கெட் போகாது. ஃபிராக்மெண்ட் செய்யாமல் 8972 பைட் பிங் அடித்தால் குட்டு வெளிப்படும்.

அவசரத்துக்கு ‘பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1’ (ஒரு வோட்டே போதும் என்று சொல்வது) கொடுத்து ஒற்றை சர்வரை எழுப்பலாம். ஆனால் மற்ற சர்வரின் பவர் கேபிளை உருவி எடுத்த பிறகுதான். பிங் வரவில்லை என்பதை நம்பி கொடுக்காதீர்கள். விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் விழுந்த சர்வரிலேயே இருந்தால் இதனாலும் பயனில்லை.

நிரந்தர வழி, மூன்றாவது வோட்டுக்கு ஒரு க்யூடிவைஸ், அதாவது வோட்டு மட்டும் போடும் வெளிப் பெட்டி. டெபியன் லினக்ஸ் ஓடும் சின்ன பெட்டி, ராஸ்பெர்ரி பை கூடப் போதும். அதில் கோரோசிங்க்-க்யூநெட்டி, இரண்டு சர்வரிலும் கோரோசிங்க்-க்யூடிவைஸ் இன்ஸ்டால் செய்து, ஒரு சர்வரில் ‘பிவிஇசிஎம் க்யூடிவைஸ் செட்டப்’ என்று அந்தப் பெட்டியின் ஐபியோடு கொடுங்கள். டிசிபி 5403 திறந்திருக்க வேண்டும். இதை அதே கிளஸ்டருக்குள் விர்ச்சுவல் மெஷினாக வைத்தால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மூன்று சர்வர் உள்ளவர்கள் போட வேண்டாம்: அங்கே அதற்கு 2 வோட்டு, அது விழுந்தால் மூன்றில் ஒன்றுகூட விழ முடியாது.

மாட்டியதும், பேக்கப் எடுத்துவிட்டு, ஆபீஸ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்வரின் பவரை உருவிப் பாருங்கள். மற்றதில் ‘டோட்டல் வோட்ஸ் 2, கோரேட் யெஸ்’ என்று வர வேண்டும்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு