சார் வீட்டு ரஃப் பேப்பருக்கு நன்றி

ஏஜென்ட் அண்ணன்களுக்கும், கடைக்காரர்களுக்கும், இந்த சீசனில் எங்களோடு சேர்ந்து தூக்கம் கெட்ட எல்லோருக்கும் வணக்கம்.

ஆர்டர் ஃபைல் திரும்பி வந்துவிட்டது. நேற்று இரவு கடைசி மேட்டரையும், அதாவது காலண்டர் அட்டையில் அச்சாகிற கடைப் பெயர், முகவரி வரிகளையும், ஏற்றி முடித்தோம். இன்று காலை முதல் லாட் அச்சுப் பிளேட்டுக்குப் போய்விட்டது. என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களில் பாதிப் பேர் போனில் என்னைத் திட்டியவர்கள், மீதிப் பேர் போனில் ஆறுதல் சொன்னவர்கள். அதனால் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை: வைஃபையில் இருந்த ஒரு லேப்டாப்பின் இணைப்பு நடுவில் அறுந்து, ஆர்டரெல்லாம் இருந்த ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) ஃபைல் கெட்டுப்போனது, அவ்வளவுதான். யாருடைய லேப்டாப் வைஃபையில் இருந்தது என்பதையும் இங்கே எழுத மாட்டேன். பாவம், அவர் இளைத்தே போய்விட்டார்.

ஆனால் சில கடைக்காரர்கள், "ஒரு கம்ப்யூட்டர் ஃபைலுக்கா இத்தனை அமர்க்களம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதிலிருந்து டிசம்பர் கடைசி வரை சிவகாசியில் ஒரு காலண்டர் ஆபீஸ் மூச்சு விடுவதே அந்த ஃபைலால்தான். பார்ட்டி பெயர், சைஸ், படத்தின் நம்பர், எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக அட்டையில் அச்சாக வேண்டிய மேட்டர். பிள்ளையார் படமும் முருகன் படமும் எங்களிடம் அடுக்கடுக்காக இருக்கின்றன. தன் கடைப் பெயர் இல்லாத காலண்டரை வாங்கி ஒரு கடைக்காரர் என்ன செய்வார்?

ஃபைலைச் சரிசெய்ய மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் தம்பிக்கு முதல் நன்றி. உள்ளே வந்ததும் அவர் செய்த முதல் காரியம், எல்லோரையும் நாற்காலியை விட்டு எழுப்பியது. யாரும் திறந்திருக்கக் கூடாது, யாரும் "நானும் ஒரு தடவை பார்க்கிறேனே" என்று ரிப்பேர் பட்டனை அமுக்கக் கூடாது என்றார். ஆக்சஸ் ஃபைல் திறந்திருக்கும்போது பக்கத்திலேயே ஒரு சின்ன லாக் ஃபைல் உட்கார்ந்திருக்கும். கடைசி ஆள் ஒழுங்காக மூடிவிட்டுப் போனால் அது தானாக மறைந்துவிடும். எங்களுடையது எல்லோரும் மூடிய பிறகும் போகாமல் அங்கேயே கிடந்தது. அவர் மூல ஃபைலை அப்படியே இரண்டு நகல் எடுத்து, நகலில்தான் கை வைத்தார். "ரிப்பேர் பண்ணும்போது அதுக்குப் படிக்க முடியாததை அது தூக்கிப் போட்டுட்டுப் போயிரும்ணே, நம்மகிட்ட கேக்காது" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் விளக்கியது இதுதான். அந்த ஃபைல் உள்ளே 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. எழுதுவது சர்வர் இல்லை, நம் ஒவ்வொருவருடைய மெஷினும் நெட்வொர்க் வழியாக நேரே அதில் எழுதுகிறது. நடுவில் இணைப்பு அறுந்தால், நோட்டில் வரி எழுதிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிய கதைதான்: பாதிப் பக்கம் புதுசு, பாதிப் பக்கம் பழசு. அடுத்து திறப்பவருக்கு "இந்த வடிவம் எனக்குத் தெரியாது" என்று செய்தி வரும்.

புதிதாக ஒரு வெற்று ஃபைல் திறந்து, ஒவ்வொரு டேபிளாக அதற்குள் இழுத்தார். பார்ட்டி லிஸ்ட் வந்தது, பட லிஸ்ட் வந்தது, ஆர்டர் டேபிள் மட்டும் பாதியில் நின்றது. பிறகு ஆர்டர் எண்ணை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, கெட்ட இடத்தைத் தாண்டித் தாண்டி எடுத்தார். விடியும் நேரத்தில் பெயர், எண்ணிக்கை, சைஸ் எல்லாம் திரும்பிவிட்டன. மேட்டர் இருந்த கட்டத்தில் மட்டும் வரிசையாகச் சீன எழுத்து! நீளமான எழுத்துகளை அது தனிப் பக்கங்களில் வைக்குமாம். ஆர்டர் வரிசையில் இருப்பது "மேட்டர் இன்ன இடத்தில்" என்ற குறிப்பு மட்டும். குறிப்பு கெட்டால் வேறு எதையோ எடுத்து எழுத்தென்று காட்டும்.

இந்த இடத்தில் எங்கள் கம்போசிங் அக்காவைச் சொல்லியாக வேண்டும். சீன எழுத்துக்குக் கீழே இன்னொரு கூட்டம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. "இதுவும் போச்சு" என்று தம்பி அழிக்கப் போனார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "டேய் டேய், இது பாமினி" என்று கத்தி, ஃபான்ட் மாற்றாமலேயே அந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்து மளிகைக் கடை முகவரியைச் சரளமாக வாசித்தார். போன வருடங்களின் மேட்டர் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அந்த ஃபான்ட் இல்லாமல் பார்த்தால் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோட் காலத்துப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? ரிப்பீட் ஆர்டர்களில் பெரும்பகுதி அந்தக் கத்தலில் பிழைத்தது.

மிச்சம் இருந்தது ஆயுத பூஜைக்குப் பின் வந்த புது ஆர்டர்கள். பூஜைக்காக கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்கில் எடுத்துப் பீரோவில் வைத்த நகல் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு பென் டிரைவில் தினமும் தானாக ஏறிய நகலோ, கெட்ட ஃபைலையே நல்லதன் மேல் ஏற்றி வைத்திருந்தது. ஏஜென்ட் அண்ணன்கள் ஆர்டர் புத்தகத்தைப் போட்டோ எடுத்துத் திரும்ப அனுப்பினீர்கள், அதற்கும் நன்றி. ஆனால் ஆர்டர் கொடுத்த பிறகு கடைக்காரர் போனில் சொன்ன திருத்தம் எதுவும் உங்கள் புத்தகத்தில் இல்லை. போன் நம்பர் மாறியிருக்கும், ஒரு வரி கூடியிருக்கும், "ஓனர் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார். ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தோம். நவம்பரில், எடுப்பவர் பாதிப் பேர், எடுத்தவரிலும் பாதிப் பேருக்குத் தான் என்ன சொன்னோம் என்று நினைவில்லை.

அந்த நேரத்தில்தான் ஷேர் ஆட்டோவில் ஓர் அரிசிச் சாக்கோடு சார் வீட்டம்மா வந்து இறங்கினார்கள்.

சாரை உங்களில் பலருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாலையில் வந்து மேட்டர் ஷீட்டெல்லாம் பார்த்துச் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார். திருத்தத்தை நாங்கள் ஃபைலில் ஏற்றியதும் அந்த ஷீட் எங்களுக்கு வேஸ்ட் பேப்பர். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று சார் அதை வீட்டுக்கு எடுத்துப் போவார். அவரிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளுக்கு ரஃப் பேப்பர். பல வருடப் பழக்கம். இந்தக் களேபரம் நடந்தபோது சார் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு இருந்தார், அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிற ஒருவர் அதே தெரு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சாம்க்கா" என்று சொல்லியிருக்கிறார். அம்மா குடத்தை வைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ப் பரணைத் திறந்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு எங்கள் ஆபீஸில் யாரையும் பெரிதாகத் தெரியாது. ஆயுத பூஜைக்குப் பொரி வாங்க ஒருமுறை வந்ததோடு சரி. யாரும் கேட்கவில்லை. ஆனால் சாக்கைப் பிரித்தபோது காகிதம் கலைந்து கிடக்கவில்லை. ஆர்டர் எண் வாரியாக அடுக்கி, சணல் போட்டுக் கட்டியிருந்தது. எண் வலது பக்க மூலையில் இருக்கும் என்று அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். பறந்துவிடும் என்று ஃபேனைப் போடாமல், கூடம் முழுக்கப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு பாத்திரம்: படி, இட்லிக் குண்டா, ஆட்டுக்கல் குழவி. அன்று அந்த வீட்டில் இட்லி இல்லையாம். கண் கட்டோடு கட்டிலில் இருந்த சார், "இதெல்லாம் எதுக்கு, அவங்ககிட்ட கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அம்மா காதில் வாங்கவில்லை.

"நமக்கு ரஃப் பேப்பர் தம்பி, உங்களுக்குப் பொழப்புல்ல" என்றார்கள் என்னிடம். காபி வேண்டாம் என்றார்கள், ஆட்டோக் காசும் வேண்டாம் என்றார்கள்.

அதோடு நிற்கவில்லை. சில ஷீட்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தன. சாயங்காலம் டியூஷனுக்கு வந்தவர்களைத் திருப்பி ஓடவிட்டு எடுத்துவரச் சொன்னார்கள். ஏழாம் வகுப்புப் பாப்பா ஒன்று ஷீட்டுகளைச் சேர்த்துத் தைத்து நோட்டாகவே ஆக்கி வைத்திருந்தது. கொடுக்க மனமே இல்லை. தையலைப் பிரிக்கக் கூடாது, பரீட்சைக்கு முன் திரும்ப வேண்டும் என்று இரண்டு கட்டளை போட்டுத்தான் கொடுத்தது. பிரிக்கவில்லை பாப்பா, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி அப்படியே பார்த்துத்தான் அடித்தோம்.

அந்தக் காகிதங்களோடு இருந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். முன்பக்கம் சாத்தூர்ப் பக்கத்துச் சேவுக் கடை ஒன்றின் மேட்டர். சார் றகரத்தைத் திருத்தியிருக்கிறார், போன் நம்பரின் கடைசி இலக்கத்தை அடித்து மாற்றியிருக்கிறார், கீழே சிவப்பில் "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை: இந்த வரியைக் கடைக்காரர் போனில் சேர்க்கச் சொன்னார்" என்று குறித்திருக்கிறார். ஏஜென்ட் புத்தகத்தில் அந்த வரி கிடையாது. அது இல்லாமல் அச்சாகிப் போயிருந்தால் அந்தக் கடைக்காரர் பண்டலைப் பிரித்த அன்றே திருப்பி அனுப்பியிருப்பார், அனுப்ப வேண்டியதும்தான். அதே காகிதத்தின் பின்பக்கம் நீள் வகுத்தல், ஒரு மயில், மயிலுக்குக் கீழே அதே சிவப்பு மையில் "ஈவு தவறு". சாரின் பேனா இரண்டு பக்கமும் ஓடியிருந்ததால் எது எங்கள் திருத்தம், எது பிள்ளையின் திருத்தம் என்று பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆள் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு கணக்கின் விடையை ஆர்டர் எண்ணிக்கையில் போட்டுவிட்டார். நல்லவேளை, ஒரு சின்ன டீக்கடைக்கு எதற்கு நாற்பதாயிரம் காலண்டர் என்று கம்போசிங் அக்கா கேட்டார்.

சாக்கில் இல்லாதவை சில இருந்தன, அவற்றைப் போனிலேயே கேட்டு முடித்தோம். ஆனால் அம்மா அன்று பரணைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் மன்னிப்புக் கடிதமாக இருந்திருக்கும். யோசித்துப் பார்த்தால், அவர்களுக்கு இதில் என்ன? காலண்டர் போகாவிட்டால் நஷ்டம் எங்களுக்கு. சாருக்குக் கொடுக்கிற சம்பளமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, முதலாளி படித்தாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சத்தம் போடாமல் இருந்த முதலாளி. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். தங்களுக்கும் சீசன் உச்சத்தில் இருந்தும் இரண்டு கம்ப்யூட்டரை ஆளோடு அனுப்பிய பக்கத்து அச்சகத்தார். முதல் லாட்டுக்காக லாரியை நிறுத்தி வைத்த புக்கிங் ஆபீஸ் அண்ணன். இரவு ஷட்டரை இறக்கிய பிறகும் உள்ளிருந்து புரோட்டா கொடுத்த கடைக்காரர். காத்திருந்த கட்டிங், பைண்டிங் பிரிவினர். எல்லோருக்கும் நன்றி.

இனி என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டவர்களுக்கு. ஃபைலை இரண்டாகப் பிரித்துவிட்டோம்: டேபிள்கள் மட்டும் சர்வரில், திரையும் ஃபாரமும் அவரவர் மெஷினில். ஆர்டர் ஏற்றுகிற எந்த மெஷினும் வைஃபையில் இருக்காது, கேபிள்தான். நகல் தேதி போட்டுத் தனித்தனியாக நிற்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. வாரம் ஒருமுறை அதைத் திறந்தும் பார்ப்போம். பொங்கல் முடிந்ததும் டேபிள்களை எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றுகிறார் தம்பி. அங்கே சர்வர்தான் எழுதும், நம் மெஷின் கேட்கும், அவ்வளவுதான். இடமும் அதிகம்: ஆக்சஸ் ஃபைல் 2 ஜிபிக்கு மேல் போகாது, அதில் அதைப் போலப் பல மடங்கு போகலாம். காசு கட்ட வேண்டியதில்லை என்றதும் முதலாளி முகம் மலர்ந்தது.

மேட்டர் ஷீட்கள் இனி சீசன் முடியும்வரை கட்டுப் போட்டு ஆபீஸிலேயே இருக்கும். அதனால் டியூஷன் பிள்ளைகளுக்கு ரஃப் பேப்பர் நின்றுவிடுமோ என்று அம்மா கவலைப்பட்டார்களாம். அம்மா, கட்டிங்கில் மிச்சமாகிற வெள்ளைத் தாளில் எங்கள் பைண்டிங் பிரிவு நோட்டுப் போட்டுக் கொடுத்துவிடும். நான் இந்த ஆபீஸில் இருக்கும்வரை, ஒவ்வொரு ஜூன் மாதமும். பாப்பாவின் நோட்டும் நாளைக் காலை வந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதல் லாட்டில் இல்லாத உங்கள் எல்லோருக்கும் இந்த வாரம் வாட்ஸ்அப்பில் புரூஃப் வரும். "போன வருஷம் மாதிரியேதானே" என்று பார்க்காமலேயே ஓகே போட்டுவிடாதீர்கள். போன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். நீங்கள் போனில் சொன்ன திருத்தம் ஏதாவது விடுபட்டிருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், பிளேட் போட்டபின் கஷ்டம்.

நன்றியுடன்,
ஆர்டர் பிரிவுப் பொறுப்பாளர்,
சிவகாசி