மூன்று பிள்ளைக்கும் ஒரு மதியத் தூக்கம்: நகரியில் இருக்கும் தங்கை மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

உன் ஓரகத்தி திரும்பவும் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறாளாம், அவள் பையனும் இனி பகலெல்லாம் உன்னிடம்தானாம். உன் அம்மா சொன்னாள். ஐந்து மாதக் கைக்குழந்தை, ஒன்றரை வயதுப் பையன், எல்கேஜி போகிற நாலு வயது மூத்தவள். "ஒண்ணு தூங்கினா ஒண்ணு முழிச்சிக்குது பெரியம்மா, நான் எப்பதான் சோறு திங்கிறது?" என்று நீ கேட்டாய். இங்கே பள்ளிப்பட்டில் தறிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை வருஷக்கணக்காக வீட்டில் வைத்துப் பார்த்தவள் நான். போனில் சொன்னால் பாதி தறிச் சத்தத்தில் போய்விடும். உன்னைப் போலவே தவிக்கிற பெண்கள் ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறையப் பேர், அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நாள் முழுக்க மூன்று பேரையும் ஒன்றாகத் தூங்கவைக்க யாராலும் முடியாது. அவரவர் இஷ்டத்துக்கு விட்டாலோ, காலை எட்டு மணியிலிருந்து இருட்டும்வரை யாராவது ஒருவரைத் தட்டிக்கொண்டே இருப்பாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஒரே ஒரு தூக்கத்தை மூவருக்கும் பொதுவாக வை. நீ வாழ்க்கைப்பட்டது தறி வீடு, உனக்குத் தெரியும்: நீளவாட்டு நூலான பாவை இழுத்துக் கட்டின பிறகுதான் குறுக்கே ஓடுகிற ஊடை நூல். மதியத் தூக்கம்தான் பாவு. மற்றதெல்லாம் அதற்குக் குறுக்கே ஓடட்டும்.

அந்த நேரத்தை நிர்ணயிப்பது நடுவுள்ளவன். கைக்குழந்தை பகலில் மூன்று நாலு தடவை தூங்குவாள், கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். மூத்தவள் தூங்காமலும் இருந்துவிடுவாள். ஒன்றரை வயதுக்காரனுக்குப் பகலில் இருப்பதே ஒரு தூக்கம்தான். அது தவறினால் சாயந்தரம் அவனைச் சமாளிக்க முடியாது. காலை ஏழுக்கு எழுகிறவன் ஐந்தாறு மணி நேரம்தான் தாங்குவான். பன்னிரண்டுக்குச் சோறு, கைகால் கழுவி பன்னிரண்டே முக்கால், ஒரு மணிக்குப் பாயில். இதை மாற்றாதே.

இப்போது கைக்குழந்தையை அந்த ஒரு மணிக்குக் கொண்டுவரவேண்டும். இந்த வயதில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்போ பின்போ கண் சொக்கும். விழித்திருக்க விழித்திருக்கத் தூக்கத்தின் கனம் ஏறிக்கொண்டே போகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் ஏறிவிடுகிறது. ஆறு மணிக்கு எழுந்தாள் என்றால் எட்டுக்கு ஒரு தூக்கம், பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குட்டித் தூக்கம். அந்த இரண்டாவது நீண்டுவிட்டால் ஒரு மணிக்குக் கண் மூடமாட்டாள். அதனால் பதினொன்றேகாலுக்கெல்லாம் எழுப்பிவிடு. தூங்குகிற குழந்தையை எழுப்பக்கூடாது என்று உன் மாமியார் சொல்வார். பிறந்து முதல் இரண்டு மூன்று மாதம் எந்தக் கணக்கும் வேண்டாம், குழந்தைக்கு இரவு பகல் வித்தியாசமே அப்போது தெரியாது, கேட்டபோது பால், சொக்கினபோது தூக்கம், அவ்வளவுதான். உன் பெண் அதைத் தாண்டிவிட்டாள், எடையும் ஒழுங்காக ஏறுகிறது. கன்னத்தைத் தடவி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மெதுவாக எழுப்பினால் ஒரு குறையும் வராது. சாயந்தரம் நாலரைக்கு மேல் அரைமணி நேரம் தூங்கட்டும். ஐந்தரை தாண்டித் தூங்கவிட்டால் ராத்திரி பத்துக்கும் விளையாடுவாள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இரவும் பகலும் சேர்த்து, 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு 12 முதல் 16 மணி நேரம், 1, 2 வயதில் 11 முதல் 14, 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. இதில் பார், ஒரே வயதுக்குள்ளேயே மூன்று நாலு மணி நேர வித்தியாசம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று கேட்டுக் கவலைப்படாதே. எழுந்திருக்கும்போது முகம் தெளிவாக இருக்கிறதா, சாப்பிடுகிறதா, ஓடுகிறதா, அதைப் பார்.

நடுவுள்ளவன் சில நாள் பத்தரைக்கே கண்ணைக் கசக்குவான். இரண்டு தூக்கத்திலிருந்து ஒன்றுக்கு வருகிற வயது அது, ஒரேயடியாக மாறாது. அப்படிப்பட்ட நாளில் பதினொன்றுக்கே சோறு போட்டு, பதினொன்றரைக்குப் படுக்கவைத்துவிடு. அன்றைக்குப் பொதுத்தூக்கம் கிடையாது என்று விட்டுவிட வேண்டியதுதான். அடுத்த நாளிலிருந்து கால் மணி, கால் மணியாகத் தள்ளிப் பார். பத்தரைக்கு வாசலுக்கு அழைத்துப்போய்த் தண்ணீரில் கைவிட்டு விளையாடவிட்டால் ஒரு மணி நேரம் தாண்டிவிடுவான்.

மூத்தவள் பன்னிரண்டரைக்கு ஸ்கூல் வேனில் வந்து இறங்குகிறாள். அவளைத் தூங்கு தூங்கு என்று மிரட்டாதே. நாலு வயதில் சில பிள்ளைகளுக்குப் பகல் தூக்கம் தானாகவே விட்டுப்போகும், சிலருக்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டியிருக்கும். தூங்காவிட்டாலும் அந்த நேரம் படுக்கிற நேரம்தான் என்பது மட்டும் மாறக்கூடாது. அவளுக்கென்று ஒரு பாய், ஒரு படப்புத்தகம், கலர் பென்சில். டிவியும் போனும் வேண்டாம், அந்தச் சத்தமும் வெளிச்சமும் தம்பியை எழுப்பும். முதலில் பத்து நிமிஷம் இருக்கட்டும், பிறகு இருபது, அப்புறம் அரைமணி. பெரியவள் என்கிற பெருமைக்காகவே இருப்பாள். ஒன்று மட்டும் கவனி. உன் வீட்டுக்காரர் தறி முடித்து வருகிற ஒன்பது மணிவரை அவள் காத்திருக்கிறாள், காலை ஆறரைக்கு எழுந்துவிடுகிறாள். மொத்தமே ஒன்பதரை மணி நேரம். மதியம் தூங்காத நாளில் எட்டுக்குப் படுத்தே ஆகவேண்டும். அப்பாவைப் பார்க்கவேண்டும் என்றால் காலையில் பார்த்துக்கொள்ளட்டும். இதை நீ அவரிடம் சொல்லத் தயங்காதே.

தறிச் சத்தத்தைப் பற்றிக் கேட்டாய். ஓடிக்கொண்டே இருக்கிற சத்தம் பிள்ளைகளை எழுப்புவதில்லை. சட்டென்று நிற்பதும் சட்டென்று கிளம்புவதும்தான் எழுப்பும். கரண்ட் போனால் தெருவே அமைதியாகிவிடும், அப்போது பார், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தை அழும். சாப்பாட்டு நேரத்துக்குத் தறி நின்று மறுபடி ஓடுவதும் அப்படியே. டேபிள் ஃபேனை சுவர் பக்கம் திருப்பி ஓடவிடு, அதன் இரைச்சல் நடுவில் வருகிற மாற்றத்தை மூடிவிடும். ஆனால் தறிக்கூடத்தை ஒட்டின சுவர் ஓரம் குழந்தையைப் போடவே போடாதே. நீ பேசுவதற்குக் குரலை உயர்த்தவேண்டியிருக்கிறது என்றால் அந்த இடம் பிள்ளையின் காதுக்கு ஆகாது. பின்கட்டு அறையைக் கேட்டு வாங்கிக்கொள்.

தூளி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். கைக்குழந்தையைத் தூளியில் ஆட்டித் தூங்கவை, தூங்கினதும் எடுத்துத் தனியாக, கெட்டியான விரிப்பில், மல்லாக்கப் படுக்கவை. தலையணை வேண்டாம், முகத்தில் துணி வேண்டாம், இந்த வெயிலில் குல்லா வேண்டவே வேண்டாம். பின்கழுத்தில் கைவைத்துப் பார்த்தால் சூடு தெரியும், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறை. மூன்றையும் ஒரே பாயில் போடாதே, ஒன்றரை வயதுக்காரன் உருண்டு வந்து அவள் மேல் விழுவான். தூளி வெறுமையாக இருக்கும்போது அவிழ்த்து மேலே சுருட்டிப் போட்டுவிடு. பெரிய பிள்ளைகள் அதில் ஏறி முறுக்கி விளையாடும்போது சேலை கழுத்தில் இறுகி உயிர் போனதெல்லாம் நம் ஊர்களில் நடந்திருக்கிறது. நீ குழம்பைக் கிளறித் திரும்புவதற்குள் நடந்துவிடும்.

பாட்டு எந்த பாஷையில் இருந்தாலும் சரி. உன் மாமியார் தெலுங்கில் ஜோ ஜோ பாடட்டும், நீ ஆராரோ பாடு. ஒவ்வொரு நாளும் அதே வரிசை இருக்கவேண்டும்: கைகால் கழுவுதல், ஜன்னலை மூடுதல், பாட்டு. பத்துப் பன்னிரண்டு நாளில் ஜன்னலை மூடினதுமே நடுவுள்ளவன் கொட்டாவி விடுவான்.

படுக்கவைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் மூத்தவளுக்குப் புத்தகத்தைக் கொடுத்து உட்காரவை, அடுத்து அவன், கடைசியில் கைக்குழந்தைக்குப் பால். பால் குடிக்கும்போதே நீ அவன் முதுகில் தட்டலாம். குக்கர் விசில் எல்லாம் பன்னிரண்டுக்குள் முடிந்திருக்கட்டும்.

ஒன்றரை மணிவாக்கில் மூன்றும் அடங்கும். அப்போது சாப்பிடு, சாப்பிட்டுவிட்டுப் படு. தறிக்கு நூல் தார் சுற்ற உட்காராதே. ராத்திரி இரண்டு தடவை எழுந்து பால் கொடுக்கிற உடம்பு உன்னுடையது. பிள்ளைகள் தூங்கும்போது நீ தூங்கினால் சோம்பேறி என்று யாராவது சொன்னால், மூன்று பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு நாள் இருந்து பார்க்கச் சொல். உன் ஓரகத்தியிடமும் பேசு. அவள் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் பையனை அதே ஒரு மணிக்குப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை உன் தலையில் விடியும்.

ஒரு வாரம் மூன்று பேரும் தூங்கின நேரம், எழுந்த நேரத்தைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வை. ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி வரும்போது அதை எடுத்து வா, உட்கார்ந்து சரிபார்ப்போம். ஏகாம்பரக்குப்பத்தில் காலை ரயிலையே பிடித்துவிடு. கூட்டத்தில் மதியத்தைக் கழிக்காமல் பதினொன்றுக்குள் மலையிறங்கி நேராக நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பின்கட்டில் மூன்று பாய் தனித்தனியாகப் போட்டு வைத்திருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா