கோயில் வாசலில் ஒட்டிய கோலம்

நம் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இந்தப் பொங்கலுக்கு வாசலில் பிளாஸ்டிக் கோலம் ஒட்டியிருந்தீர்கள். டர்பனின் ஜனவரி வெயிலில் மதியத்துக்குள் பசை இளகி, ஒரு மூலை யாரோ ஒரு பாட்டியின் செருப்போடு போய்விட்டது. முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான், கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

என் ஆயா புள்ளி வைத்து முதலில் ஒரு சின்ன சிக்குக் கோலம் போடுவார். அதையே நாலு மூலையிலும் திருப்பித் திருப்பி வைத்து, நடுவில் கம்பியை இணைத்துப் பெரிதாக்குவார். அந்தப் பெரியதை மறுபடியும் நாலாக்குவார். வாசல் போதாதபோதுதான் கை நிற்கும். பகுதிக்குள் முழுசின் சாயல் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய வடிவங்களுக்கு பெனுவா மாண்டெல்பிராட் என்ற கணித மேதை 1975-இல் ஃபிராக்டல் என்று பேர் வைத்தார். எல்லாக் கோலமும் ஃபிராக்டல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கணக்கில் வரும் ஃபிராக்டல் முடிவில்லாமல் போகும். கோலமும், பூவுக்குள் பூவாக அடுக்கியிருக்கும் காலிஃபிளவரும் சில படிகளோடு சரி. ஆனாலும் ஆயா கையில் இருந்தது ஒரு விதி. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970-களிலேயே கோலம் போடும் விதிகளைக் கணினிக்கு ஏற்ற இலக்கணமாக எழுதியிருக்கிறார்கள்.

நெளிவுக்குள் நெளிவு என்று கடற்கரையிலும் இதே சாயல் உண்டு. மாண்டெல்பிராட் 1967-இல் கடற்கரை நீளம் பற்றி எழுதிய கட்டுரையில் நம் தென்னாப்பிரிக்காவும் இருக்கிறது. அளவுகோலைச் சிறிதாக்க ஆக்க, ஒவ்வொரு நெளிவும் கணக்கில் சேர்ந்து கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. நெளிவே இல்லாத கோட்டுக்கு அது 1. ரிச்சர்ட்சன் என்பவர் முன்பே எடுத்து வைத்திருந்த அளவுகளின்படி பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25, தென்னாப்பிரிக்காவுக்கு 1.02. "நம்முடையது மட்டும் ஏன் மிஸ் இவ்வளவு கம்மி?" என்று என் வகுப்பில் ஒரு பையன் வருத்தப்பட்டான். இங்கே கடலோரம் நடந்து பார்த்தால் காரணம் தெரியும், கரை நேராகக் கிடக்கிறது.

நான் கேட்பது இதுதான்: சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு முன்னால் அரை மணி நேரம், அந்த வாசல், ஒரு வாளி தண்ணீர். பிள்ளைகள் புள்ளி வைக்கட்டும். மழை பெய்தால் உள்ளே உட்கார்ந்து இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிப் பட்டைகளை 60 டிகிரியில் நிறுத்தி, நடுவே உடைந்த வளையல் துண்டு போட்டுக் காட்டுவேன். ஆறு இதழ்ப் பூ தெரியும். 45 டிகிரியில் எட்டு. 1817-இல் டேவிட் புரூஸ்டர் காப்புரிமை வாங்கிய கலைடாஸ்கோப்பில் இருப்பது இந்த வித்தைதான். கோணத்தை மாற்றினால் ஏன் இதழ் கூடுகிறது என்பதைத் தமிழிலேயே சொல்லவைப்பேன், உங்கள் வகுப்பு நேரமும் வீணாகாது.

அரிசி மாவுக்கு எறும்பு வரும் என்று போன கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வரட்டுமே, அதற்கும் சேர்த்துத்தானே ஆயா போட்டார்? மாவு என் செலவு. கூட்டி அள்ளுவதும் நானே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், சாட்ஸ்வொர்த்