பாத்ரூமுக்குள் இருந்த கேஸ் கீசரின் டியூபை ஏன் கழற்றினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

திருப்பூர் காங்கேயம் ரோட்டில் நாங்கள் கடை போட்டு இந்தத் தையோடு 19 வருஷம் ஆகிறது. உங்களில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று எங்கள் பையன்களுக்குத் தெரியும். 2011-ல் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோதும், கொரோனாவில் கம்பெனிகள் நின்றபோதும் எங்களைக் கைவிடாதவர்கள் நீங்கள். அதனால்தான் இரண்டு வாரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பேச்சுக்கு நேராக உங்களிடமே பதில் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

"நல்லா ஓடிட்டிருந்த கீசரை, புதுசு விக்கறதுக்காகக் கழட்டிப் போட்டுட்டாங்க." இதுதான் பேச்சு. வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது.

நடந்தது இது. ஒரு லைன் வீடு. தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை என்று வீட்டு ஓனர் கூப்பிட்டார், எங்கள் தம்பி போனான். நாலடிக்கு ஐந்தடி பாத்ரூம். கார்த்திகைப் பனிக்கு வெண்டிலேட்டரைப் பழைய ஃப்ளெக்ஸ் வைத்து அடைத்திருந்தார்கள். கீசர் மேலே இருக்க வேண்டிய புகைக்குழாய் கழன்று, வாய் உள்ளேயே திரும்பிக் கிடந்தது. தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தது, மூடியில் கரி. குடியிருக்கும் அம்மா சொன்னது: "குளிச்சு வந்தா தலை விண்ணு விண்ணுங்குதுங்ணா. பாப்பா நேத்து கிறுகிறுத்து உட்கார்ந்துட்டா."

அதைக் கேட்ட பிறகு அவன் சர்வீஸ் செய்யவில்லை. சிலிண்டரை மூடி, டியூபைக் கழற்றி அந்த அம்மா கையிலேயே கொடுத்துவிட்டு, "இதைப் பயன்படுத்தக் கூடாது" என்று பில்லில் எழுதிக் கொடுத்து வந்தான். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்று ஒரு ஸ்க்ரூ கூட நாங்கள் விற்கவில்லை. புது கீசர் விலையைக் கூட அவன் சொல்லவில்லை. வருகைக் கட்டணம் 350 ரூபாய், அதையும் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டோம். காசு பார்க்கத்தான் நினைத்திருந்தால் புகைக்குழாயைச் சொருகி, ஜெட்டைத் துடைத்து, பேட்டரி மாற்றி, ஆயிரம் ரூபாய்க்குப் பில் போட்டு வந்திருக்கலாம். ஓனருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். என்னைப் பற்றிச் சொன்னதைப் பொறுத்துக்கொள்வேன். ஆறு வருஷமாக என்னிடம் வேலை செய்யும் பையனைத் தெருவில் வைத்துத் திருடன் என்று சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது. பத்து நாளாக அவன் வேலைக்கு வரவில்லை.

"அஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று ஓனர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அந்தக் கீசரை மாட்டியதும் எங்கள் ஆள்தான். அன்று வெண்டிலேட்டர் திறந்திருந்தது, குழாயும் சுவருக்கு வெளியே போயிருந்தது. இருந்தாலும் உள்ளே மாட்டியிருக்கக் கூடாது.

சரி, உள்ளே என்ன ஆகிறது? கேஸ் எரிய ஆக்சிஜன் வேண்டும். அடைத்த அறையில் அது குறையக் குறைய, தீ முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வரும், அதற்கென்றே மெர்காப்டன் சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது ஒட்டிக்கொள்ளும். எட்டரை ஷிப்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் வீட்டில் நாலு பேர் அடுத்தடுத்துக் குளிப்பார்கள். முதல் ஆளுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். மூன்றாவது ஆள் மயங்கலாம். 20 நிமிஷத்தில் தானாக அணைந்துவிடுமே என்பார்கள், ஆனால் குழாயை மூடித் திறந்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நம்புகிறவர்களும் உண்டு. வேறு வழியில் காற்று உள்ளே வராவிட்டால், அந்த ஃபேனே புகைக்குழாய் வழியாகப் போன புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும். இதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குளிக்கும்போது யாராவது விழுந்தால் வலிப்பு என்று நினைத்து, கையில் கொடுக்க இரும்புச் சாவியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கதவைத் திறங்கள், ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள், கேஸை மூடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் கீசரில் குளித்தபோது விழுந்தார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாடகைக்கு விட்டிருக்கும் ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் கீசர் 3 கிலோவாட் இழுக்கும், பழைய லைன் வீட்டு வயரிங் தாங்காது, அதனால்தான் கேஸ் வைத்தோம் என்கிறீர்கள். புரிகிறது. அதே கீசரை வெளிச்சுவரில் மாட்டி, மழைக்கு மேலே ஒரு தகரம் போட்டு, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே இழுத்தால் போதும். புகை வெளிக்காற்றிலேயே போய்விடும். அரை நாள் வேலை. ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே மாட்டச் சொல்லாதீர்கள். குடியிருப்பவர்களும் வெண்டிலேட்டரை அடைக்காதீர்கள், எவ்வளவு குளிரானாலும்.

மார்கழி 1 முதல் பாத்ரூமுக்குள் இருக்கும் கேஸ் கீசரை நாங்கள் சர்வீஸ் செய்ய மாட்டோம், வெளியே மாற்றித்தான் தருவோம். எங்கள் கடையில் வாங்கி, நாங்களே உள்ளே மாட்டியதாக இருந்தால் மாற்றும் கூலி வேண்டாம், குழாய்க் காசு மட்டும் கொடுங்கள். பழைய பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் நோட்டில் இருக்கும். வருகைக் கட்டணம் இனி 450 ரூபாய். ஆள் குறைவாக இருப்பதால் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரைக்கும் அடுப்பில் தண்ணீர் காய வைத்துக் குளியுங்கள்.

இந்தப் பேச்சு கிளம்பியதும் கடைக்கே வந்து, "என்ன நடந்துச்சுங்க?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அப்படிக் கேட்ட ஒவ்வொருவருக்கும் நன்றிங்க. தம்பியைத் தெரிந்தவர்கள் அவன் வீட்டுப் பக்கம் போனால் ஒரு வார்த்தை பேசுங்கள். அவனுடைய டூல்ஸ் பை கடையில் அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அடுப்பு, கீசர் கடைக்காரர்
காங்கேயம் ரோடு, திருப்பூர்