வால்டர் டல்லுக்கு ‘முதல்’ பட்டம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வால்டர் டல் பற்றிய அரைப்பக்கக் குறிப்பைப் பார்த்தேன். முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன் நான். எந்தப் பத்திரிகை வந்தாலும் விளையாட்டுப் பக்கம்தான் முதலில். இவரைப் பற்றித் தமிழில் எழுதியதே சந்தோஷம். ஆனால் ‘இங்கிலாந்தின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர், பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி’ என்று தலைப்பிலேயே போட்டுவிட்டீர்கள். இரண்டும் சரியில்லை.

இன்றைய கானாவின் அக்ராவில் 1865-ல் பிறந்த ஆர்தர் வார்ட்டன், 1889-லேயே ராதர்ஹாம் டவுன் அணிக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு கோல்கீப்பராக நின்றவர். டல்லுக்கு அப்போது ஒரு வயது. அதிகாரி விஷயத்திலும் அவருக்கு முன்னால் ஆள் உண்டு. ஜமைக்காவில் பிறந்த யூவான் லூசி-ஸ்மித் 1914 செப்டம்பரில் அதிகாரியாகி, அடுத்த ஏப்ரலில் போர்முனையில் இறந்தார். அவருடைய நினைவுத் தகடு 2020-ல் ஏலத்துக்கு வந்த பிறகே பலருக்கு இது தெரிந்தது. அதனால் எழுதியவரை ரொம்பவும் குறை சொல்வதற்கில்லை.

முதல் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். கையிருப்பு நிறையவே இருக்கிறது.

டல்லின் அப்பா பார்படோஸிலிருந்து வந்த தச்சர். அம்மா கென்ட் பகுதிப் பெண். ஒன்பது வயதுக்குள் இருவரையும் இழந்த வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டன் பெத்னல் கிரீனில் இருந்த மெதடிஸ்ட் அநாதை இல்லத்துக்குப் போனார்கள். பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போன எட்வர்டை கிளாஸ்கோவில் ஒரு குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது. அவர் பிற்பாடு பல் மருத்துவரானார். தம்பி இல்லத்திலேயே தங்கி அச்சுத்தொழில் கற்றார், பந்து உதைத்தார்.

கிளாப்டன் என்ற அமெச்சூர் அணியில் ஒரே பருவம் ஆடினார். 1909-ல் லண்டனின் தொழில்முறை அணியான டாட்டன்ஹாம் அழைத்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டதற்குப் பத்து பவுன், அப்புறம் வாரம் நான்கு பவுன் சம்பளம். அன்றைய விதிப்படி யாருக்குமே அதற்குமேல் கிடையாது. நான் பையன்களிடம் இவரைப் பற்றிச் சொல்லும்போது, “பேரே டல்லா இருக்கே சார்” என்று சிரிப்பார்கள். ஆட்டம் டல்லாக இல்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

அந்த வருடம் அக்டோபரில் பிரிஸ்டலில் ஒரு ஆட்டம். கூட்டத்தில் ஒரு பகுதியினர் அவருடைய நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில்கூடக் கேட்காத பேச்சு என்று ஒரு நிருபர் எழுதினார். அதே ஆள், அன்று களத்தில் இருந்த முன்கள வீரர்களில் டல்தான் சிறந்தவர் என்றும் எழுதினார். ஆனால் கொஞ்ச நாளில் டல் ரிசர்வ் அணிக்குப் போய்விட்டார். டாட்டன்ஹாமுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தமே பத்து, கோல் இரண்டு. ஏசியவர்களை விட்டுவிட்டு ஏச்சு வாங்கியவனை உட்காரவைப்பது எனக்கும் பழக்கமான காட்சிதான். மாவட்டப் போட்டி ஒன்றில் என் பையன் ஒருவனுக்கு இதே கதி. அன்று நான் போதுமான அளவு சண்டை போடவில்லை.

1911-ல் நார்த்தாம்ப்டன் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் டல்லை வாங்கினார். அங்கே நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

முதல் உலகப் போர் வந்ததும் 1914 டிசம்பரில், மிடில்செக்ஸ் படைப்பிரிவில் கால்பந்து வீரர்களுக்கென்றே அமைத்த பட்டாலியனில் சேர்ந்தார். 1916-ல் நடுவே மனம் குலைந்து ஊருக்கு அனுப்பப்பட்டார். தேறியதும் திரும்ப பிரான்ஸின் சோம் போர்முனை. ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர் அதிகாரியாக அன்றைய ராணுவ விதிகள் இடம் தரவில்லை. இருந்தும் 1917 மே மாதம் அவரை செகண்ட் லெப்டினன்ட் ஆக்கினார்கள். அதிகாரிகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நேரம், விதி கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் குறிப்பில் விட்டுப்போனது இத்தாலி. அந்தக் குளிர்காலத்தில் ஓர் இரவு, 26 பேரைக் கூட்டிக்கொண்டு பியாவே ஆற்றைக் கடந்து எதிரி பக்கம் போய், ஓர் ஆள்கூடக் குறையாமல் திரும்பக் கூட்டிவந்தார். தளபதி லாஃபோர்ட் அவருடைய துணிச்சலையும் பதறாத நிதானத்தையும் பாராட்டி எழுதினார். மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்குப் பரிந்துரை போயிருந்ததாக, டல் இறந்தபின் பட்டாலியன் அதிகாரி ஒருவர் அண்ணனுக்கு எழுதினார். பதக்கம் மட்டும் வரவே இல்லை.

1918 மார்ச் 25, பிரான்ஸில் ஃபாவ்ரே அருகே ஜெர்மன் தாக்குதலில் பின்வாங்கும்போது சுடப்பட்டார். லெஸ்டர் ஃபாஸ் அணியின் முன்னாள் கோல்கீப்பர் டாம் பில்லிங்ஹாம், இப்போது அவர் கீழ் ஒரு சிப்பாய், குண்டுமழைக்கு நடுவே அவரை இழுத்துவரப் பார்த்தார். முடியவில்லை. உடல் கிடைக்காததால் கல்லறை கிடையாது; அராஸ் நினைவுச் சுவரில் பெயர் இருக்கிறது.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் அந்த இரண்டு ‘முதல்’களையும் எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் இடத்தில் பில்லிங்ஹாமின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்