லேசர் வானத்தில் முடிந்துவிடுவதில்லை: ஒளி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் கட்சி மாநாடுகளிலும் லேசர் விளக்கு அமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

2025 கோடையில், சென்னையில் இறங்க வந்த விமானங்களின்மீது பரங்கிமலைப் பக்கத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சப்பட்டதாகச் செய்தி வந்தது. காவல்துறையும் எச்சரிக்கை விடுத்தது. கையடக்க லேசரை வைத்துக்கொண்டு யாரோ சிறுவர்கள் செய்த வேலை என்று உங்களில் பலர் அதைக் கடந்து போயிருக்கலாம். நானோ உங்களைத்தான் நினைத்தேன். சிறுவனின் கையில் இருப்பது 5 மில்லிவாட் என்றால், மேடைக்கு மேலே நீங்கள் மாட்டும் கருவி பல வாட். ஆயிரம் மடங்கு.

மண்டபத்து மொட்டைமாடியிலிருந்து கற்றையை வானத்துக்குத் திருப்பும்போது, "மேலேதானே போகிறது, யார்மீதும் படாதே" என்கிறீர்கள். பார்க்கும் கண்ணுக்கு அது நியாயமாகவே தோன்றும். பச்சைக் கோடு ஓரிடத்தில் முனை மழுங்கி நின்றுவிடுவதுபோலத்தான் தெரிகிறது. அது கண் செய்யும் மாயம். தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வதாகத் தெரிகிறதல்லவா, அதே கணக்கு. கற்றையின் அருகில் நிற்கிறவருக்கு, அதன் முதல் சில நூறு மீட்டரே பார்வைக் கோணத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். மிச்சக் கிலோமீட்டர்கள் எல்லாம் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். மேலே போகப்போகத் தூசி குறைவதால் ஒளி பக்கவாட்டில் சிதறி நம் கண்ணுக்கு வருவதும் குறைகிறது. கோடு தெரியாமல் போகிறது. ஒளி போய்க்கொண்டே இருக்கிறது.

கருவியின் பெட்டியில் 'வீச்சு 5 கி.மீ.' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் லேசரை நிறுத்த அங்கே சுவர் ஒன்றும் இல்லை. கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு தூரம் போய் எவ்வளவு விரிகிறது என்பதுதான்.

லேசர் ஒளி விரியாது என்று பள்ளியில் படித்தவர்கள் இங்கே முகம் சுளிப்பீர்கள். விரியும். எந்த ஒளிக்கற்றையும் விரிந்தே தீரும். ஒளி ஓர் அலை என்பதால் குறுகிய கற்றை ஓரங்களில் பரவத் தொடங்கும்; 'விளிம்பு விளைவு' எனப்படும் அது கற்றையை விடாது. வேடிக்கை என்னவென்றால், கற்றை எவ்வளவு மெல்லியதாகப் புறப்படுகிறதோ அவ்வளவு வேகமாக விரியும். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் கிளம்பும் பச்சை லேசர், எவ்வளவு உயர்தரமானதாக இருந்தாலும், ஒரு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வட்டமாகிவிடும். பத்து மில்லிமீட்டர் அகலத்தில் அனுப்பினால் விரிவு அதில் பத்தில் ஒரு பங்குதான். நெடுந்தூரம் அனுப்ப வேண்டுமானால் முதலில் கற்றையை அகலமாக்க வேண்டும்.

நிலவுக்கு லேசர் அனுப்புகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் விட்டுவந்த பிரதிபலிப்பான்மீது, அமெரிக்காவின் அப்பாச்சி பாயின்ட் ஆய்வகத்தார் மூன்றரை மீட்டர் தொலைநோக்கி வழியே ஒளியைச் செலுத்துகிறார்கள். அப்படி அனுப்பியும், காற்றின் அலைக்கழிப்பால் நிலவைத் தொடும்போது கற்றை சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலமாகிவிடுகிறது. நம் விக்ரம் லேண்டரின் தலையிலும் பிஸ்கட் அளவில் ஒரு பிரதிபலிப்பான் இருக்கிறது. 2023 டிசம்பரில் நிலவைச் சுற்றும் நாசா விண்கலம் ஒன்று அதன்மீது லேசர் அடித்து, திரும்பி வந்த ஒளியைப் பிடித்தது.

உங்கள் தொழிலுக்கு வருவோம். சாதாரணக் கையடக்க லேசரின் விரிகோணம் ஒரு மில்லிரேடியன் அளவில் இருக்கும்: கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அகலம். மேடைக் கருவிகளிலும் இது வழக்கமான அளவே. விரிந்தால் வலுவிழக்கும், உண்மைதான். தூரம் இரட்டித்தால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். ஆனால் விமானியின் கண்ணைப் பொறுத்தவரை விரிவு நன்மை மட்டுமல்ல. ஊசி முனை போன்ற புள்ளியை ஓடும் விமானத்தின் கண்ணாடியில் பிடித்து நிறுத்துவது கடினம். மூன்று கிலோமீட்டர் போய் மூன்று மீட்டராக விரிந்த வட்டம் தானாகவே அதன்மேல் பட்டுவிடும். பட்டதும், கண்ணாடியில் உள்ள நுண்கீறல்களும் அழுக்கும் அதைச் சிதறடிக்க, முன்கண்ணாடி முழுவதும் பச்சையாகிவிடும். அதுவும் இருட்டுக்குப் பழகிய கண்ணில், மனிதக் கண் மிகக் கூர்மையாக உணரும் நிறத்துக்கு அருகில் உள்ள 532 நானோமீட்டரில்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வைத்திருக்கும் வரம்புகளைக் கொண்டு கணக்கிட்டால், 5 மில்லிவாட் லேசர் ஏறக்குறைய 350 மீட்டர் வரை கண்ணைக் கூசவைக்கும். மூன்றரை கிலோமீட்டர் வரை கவனத்தைச் சிதறடிக்கும். ஆற்றல் நூறு மடங்கானால் இந்தத் தூரங்கள் பத்து மடங்காகும். அசையாமல் நிற்கும் 5 வாட் பச்சைக் கற்றைக்குக் கணக்குப் போட்டால், கண்கூச்சம் மட்டும் 11 கிலோமீட்டர். அதில் ஈரக்காற்றும் புகையும் கொஞ்சம் தின்றுவிடும், கற்றை அசைந்துகொண்டே இருந்தால் இன்னும் குறையும். சரி, பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தரையிறங்கும் விமானம் வழக்கமாக மூன்று பாகைச் சரிவில் வருகிறது. ஓடுபாதைக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் சுமார் 310 மீட்டர்தான். அங்கிருந்து தரையைத் தொட ஒன்றரை நிமிடம்கூட இல்லை. இரு விமானிகளும் முன்கண்ணாடி வழியே ஓடுபாதை விளக்குகளைத் தேடும் நேரம் அது. நேர் கீழேயிருந்து வரும் ஒளி அவர்கள் கண்ணில் படாது. பறக்கும் பாதைக்கு முன்னால், சாய்வாக எழும் கற்றைதான் படும். நீங்கள் விரும்பி வைக்கும் கோணமும் அதுதான். அமெரிக்காவில் 2023இல் மட்டும் விமானிகள் 13,304 லேசர் தாக்குதல்களைப் புகாராகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

லேசரை மூட்டை கட்டிவிடுங்கள் என்று கேட்கவில்லை. நல்ல லேசர் ஷோ எனக்கும் பிடிக்கும். கற்றை எங்கே போய் முட்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். கட்டடச் சுவர், கோபுரத்துக்குப் பின்னால் கட்டும் துணித்திரை, மண்டபக் கூரை என ஏதாவது ஒன்று அதைத் தடுக்கட்டும். புகை இயந்திரத்தை வைத்துக்கொண்டு தாழ்வாக ஓடவிட்டால் காட்சி இன்னும் அழகாகத்தான் இருக்கும். பார்வையாளர்களின் கண்மட்டத்துக்கு மட்டும் இறக்கிவிடாதீர்கள். பல வாட் கற்றை அருகில் நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரை போய்விடும், செல்போன் கேமராவும் கருகும்.

திறந்த வானம் வேண்டும் என்று மணமகன் வீட்டார் அடம்பிடித்தால், விமான நிலையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். லேசர் செறிவைக் கட்டுப்படுத்தச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த வளையம் 18.5 கிலோமீட்டர் வரை நீள்கிறது. சென்னையில் அது கிண்டி, பரங்கிமலையோடு நிற்காது. நகரின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். அந்த வளையத்துக்குள் விமான நிலையத்துக்கும் காவல்துறைக்கும் எழுதிக் கேட்காமல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியூரில் என்றாலும், நிகழ்ச்சி முடியும்வரை ஒருவர் வானத்தையே பார்த்துக்கொண்டு, நிறுத்தும் பொத்தானில் கை வைத்திருக்கட்டும். அவருக்கான கூலியை மதிப்பீட்டில் தனி வரியாகவே போட்டுவிடுங்கள். கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் கற்பிக்கும் ஒருவன்