‘வாலண்டினோ’ திரையிடலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே, வணக்கம்.

மௌனப்பட நட்சத்திரம் ருடால்ஃப் வாலண்டினோவின் வாழ்க்கையை வைத்து கென் ரஸ்ஸல் 1977-இல் எடுத்த ‘வாலண்டினோ’ படத்தைப் போன ஞாயிறு திரையிட்டோம். அப்புறம் அரை மணி நேரம் நான் பேசினேன். ‘எது நடந்தது, எது கற்பனை’ என்பதுதான் தலைப்பு. பேச்சில் பாதி உங்களிடம் கடன் வாங்கியது என்பதால் இந்த மடல்.

முதலில் டாக்டர் அம்மாவுக்கு. படத்தில் ருடால்ஃப் வாலண்டினோ குத்துச்சண்டை போட்டு, பிறகு போட்டி போட்டுக் குடித்துச் சரிகிறார். கடைசியில் ஓர் ஆரஞ்சுப் பழத்துக்குக் கை நீட்டுகிறார். அழகான காட்சிதான். ஆனால் நிஜத்தில் அவர் 1926 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் சுருண்டு விழுந்தார், அறுவை சிகிச்சை நடந்தது, 23-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 31. “குடல்வால் வலி மாதிரி இருந்ததாமே, அப்புறம் ஏன் இரைப்பைப் புண் என்கிறார்கள்?” என்று கேட்டேன். டாக்டர் அம்மா மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு இரைப்பையை வரைந்தார். அதில் ஒரு புள்ளி குத்தி, அங்கிருந்து வலப்பக்கமாகக் கீழே ஒரு கோடு இழுத்தார். “ஓட்டை மேலே. அமிலம் வழிந்து இறங்குவதால் வலி கீழே. நாங்கள் படிக்கும்போதே இதற்கு வாலண்டினோ நோய்க்குறி என்றுதான் பெயர்.” சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பென்சிலின் வராத காலம், வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிட்டால் அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

வக்கீல் நண்பருக்கும் நன்றி. அந்தச் சிறைக் காட்சியை ரஸ்ஸல் குரூரமாக நீட்டியிருக்கிறார், எனக்கு அது ஒட்டவில்லை. ஆனால் வழக்கு நிஜம். அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவில் விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலும் மறுமணத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. வாலண்டினோ பொறுக்காமல் 1922-இல் மெக்சிகோவுக்குப் போய் நட்டாஷா ராம்போவாவைக் கட்டிக்கொண்டார். திரும்பி வந்ததும் இருதாரக் குற்றச்சாட்டில் கைது. இதை இரண்டே வரியில் புரியவைத்தது நீங்கள்தான்.

நடன ஆசிரியை இல்லாவிட்டால் டாங்கோ காட்சியைச் சும்மா கைதட்டிவிட்டுக் கடந்திருப்பேன். வாலண்டினோ, பாலே நடனக் கலைஞர் நிஜின்ஸ்கிக்கு டாங்கோ சொல்லிக்கொடுப்பதாக வரும் இடம். வாலண்டினோவாக ஆடுகிற நூரியெவ், நிஜின்ஸ்கியாக ஆடுகிற டோவெல் இருவருமே பாலே மேதைகள். “கவனியுங்கள், டாங்கோ தரையோடு ஒட்டி நடக்கிற ஆட்டம். இவர்கள் உடம்பு மேலேயே இழுக்கிறது” என்றார். அதற்குப் பிறகு படம் முழுக்க நூரியெவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பிதழ் அச்சானபோது ‘வாலண்டைன்’ என்று விழுந்துவிட்டது. காதல் படம் என்று நம்பி வந்த இரண்டு ஜோடிகள் முதல் காட்சியிலேயே திகைத்திருப்பார்கள். சவ அடக்கத்துக்கு முன் கூட்டம் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு உள்ளே பாய்கிறது. அது மட்டும் ரஸ்ஸலின் மிகையில்லை, நியூயார்க்கில் அப்படித்தான் நடந்தது. கடைசி வரை எழாமல் உட்கார்ந்திருந்த அந்த நால்வருக்கும் தனி நன்றி.

நாற்காலி தூக்கிய தம்பிகளுக்கும், இடைவேளையில் சுண்டல் கொடுத்த அக்காவுக்கும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, உங்கள் எவர்சில்வர் தூக்கு என் வீட்டில்தான் இருக்கிறது. மூடியைத்தான் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன்.